காலையில் தொலைந்து மத்தியானம் திரும்பிய காற்று

கூழாங்குளத்தில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே அறிவு எக்கச்சக்கம். யாரும் எடுத்துச் செலவழிக்காததால் வைத்தது வைத்தபடி இருக்கிறது.

அதை மொத்தமாகப் பார்க்க வேண்டுமானால் மாட்டுச் சந்தைக் கமிட்டிக்குப் போக வேண்டும். நான்கே பேர். தலைவர் பவுன்ராசு எதைக் கேட்டாலும் கண்ணை மூடி யோசிப்பார். பாதி நேரம் அப்படியே தூங்கிவிடுவார். செயலாளர் தவமணி, அச்சடித்த காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து ஒரு எழுத்து பிசக மாட்டார். மொக்கையனுக்கு ஒரு மச்சான் உண்டு. அதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நாலாவது சீனிச்சாமி. எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவர். அதனால் மற்றவர்களைவிட மூன்று மடங்கு கணக்குத் தெரியும் என்று ஊரில் பேர்.

நான் காசிமாயன். மூன்றாம் வகுப்போடு நின்றவன். சந்தைப் புளியமரத்தடியில் நாற்பது வருஷமாக மூக்கணாங்கயிறு விற்கிறேன். இந்தப் பெரிய மனிதர்கள் எனக்குச் செய்ததை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நடந்து பதினோரு வருஷமும் நாலு மாசமும் ஆகின்றன. எப்போதோ மறந்துவிட்டேன்.

அந்த வருஷம் தை மாதச் சந்தைக்கு முன்னால் கமிட்டி கூடியது. முந்தின வருஷம் வெளியூர் வியாபாரிகள் பாதிப் பேர் வழி தவறிப் பக்கத்து எருக்கம்பட்டிச் சந்தைக்குப் போய்விட்டார்கள். வழியில் ஒரு பலகை வைத்தால் தீர்ந்துபோகும் விஷயம். ஆனால் பலகை வைப்பதற்கு அறிவு எதற்கு? கமிட்டி ஒரு ராட்சத பலூன் விடுவது என்று முடிவு செய்தது. ஆகாயத்தில் 'கூழாங்குளம் சந்தை' என்று பலூன் நிற்கும். பத்து மைல் தூரத்திலிருந்தே மாடுகள் படித்துவிட்டு வந்துவிடும்.

பலூனுக்குள் அடைக்க ஹீலியம் என்று ஒரு காற்று வேண்டுமாம். டவுனில் காஸ் டெப்போவிலிருந்து செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் ஒரு சிலிண்டர் வந்து இறங்கியது. ஆள் உயரம். தலையில் கடிகாரம் மாதிரி ஒரு மீட்டர். அதில் முள் நூற்று நாற்பதில் நின்றது. டெப்போ டிரைவர் ரசீதில் அதை எழுதினார். கூடவே ஒரு தெர்மாமீட்டரைச் சிலிண்டர் உடம்பில் வைத்துப் பார்த்து, 'சூடு ஐம்பது' என்றும் எழுதினார்.

சிலிண்டரை எங்கே வைப்பது? என் கடைக்குப் பக்கத்தில் புளியமரத்தோடு, கிளை வெட்டி வெயில் விழும் பக்கமாக, சங்கிலி போட்டுக் கட்டினார்கள். சாவியை என் கையில் கொடுத்தார் தவமணி.

"மாயா, வெள்ளிக்கிழமை சந்தை வரைக்கும் இது உன் பொறுப்பு. முள்ளு ஒரு கோடு இறங்கக் கூடாது."

"அது இரும்புண்ணே. அது பாட்டுக்கு நிக்கும்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

புதன்கிழமை விடிந்ததும் நாலு பேரும் வந்தார்கள். அந்த மாசத்தில் எங்கள் ஊர் மலையடிவாரப் பனி எப்படியென்றால், மாடுகூட எழுந்திருக்க யோசிக்கும். சீனிச்சாமி துண்டால் மீட்டரைத் துடைத்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார். முள் நூற்று இருபத்தைந்தில் நின்றது.

"பதினைஞ்சைக் காணோம்" என்றார்.

தலைவர் கண்ணை மூடினார். மொக்கையன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருடைய மச்சான் முழுசாகத் தெரிந்தான். அவனும் மூக்கணாங்கயிறு வியாபாரிதான். என் புளியமரத்து நிழல் மேல் அவனுக்கு ஒன்பது வருஷமாகக் கண்.

"சாவி யாருகிட்ட இருந்துச்சு?" என்றார் மொக்கையன்.

"என்கிட்டத்தான். பூட்டு அப்படியே இருக்கே!"

"பூட்டு இருக்கு. காத்து இல்ல. பூட்டைத் திருடுறவனா நீ?"

"காத்தைத் திருடி நான் என்னய்யா செய்யப் போறேன்? கயிறா திரிக்க முடியும்?"

இந்தக் கேள்விக்குத் தலைவர் கண்ணைத் திறந்தார். "நியாயமான கேள்வி. எடுத்தவன் எங்க வச்சிருப்பான்? சட்டியில வச்சாப் பறந்துபோகும். வீட்டுல வச்சா ஓட்டு வழியாப் போகும். வயித்துலதான் வச்சிருக்கணும்."

சீனிச்சாமிக்கு முகம் மலர்ந்தது. "அண்ணே, இந்தக் காத்து பலூனையே தூக்குது. வயித்துக்குள்ள இருந்தா ஆளையும் தூக்கும். எடை குறைஞ்சிருக்கணும்!"

என்னை ரைஸ் மில்லுக்கு இழுத்துப் போய் நெல் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினார்கள். ஐம்பத்திரண்டு கிலோ. ஆஸ்பத்திரியில் போன வருஷம் எழுதிக் கொடுத்த சீட்டில் ஐம்பத்தாறு. நடுவில் எனக்கு டைபாய்டு வந்து இரண்டு மாசம் கஞ்சி குடித்தேன். அதைச் சொன்னேன்.

"கஞ்சி குடிச்சா எடை கூடும். குறையாது" என்றார் தவமணி. அவர் கஞ்சியோடு வேறு என்னென்ன சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியாது.

திருடன் பறந்து தப்பித்துவிடக் கூடாதென்று என் இடுப்பில் கயிறு கட்டி, புளியமரத்தில் முடிந்தார்கள். என் கடைக் கயிறுதான். நல்ல கயிறு.

அங்கேயே தீர்ப்பும் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை சந்தை கூடியதும் தமுக்கு அடித்து, 'காசிமாயன் காத்துத் திருடன்' என்று அறிவிப்பார்கள். புளியமரத்தடி மொக்கையன் மச்சானுக்கு. அப்போதே ஏறக்குறைய முப்பது வருஷம் உட்கார்ந்த இடம். அந்த மரத்து வேர் ஒன்று என் முதுகுக்கு ஏற்ற மாதிரியே வளைந்து வளர்ந்திருக்கும். அதை ஒரு காற்றுக்காக விட்டுக் கொடுக்க வேண்டும்.

மத்தியானம் வெயில் ஏறியது. சிலிண்டரைத் தொட்டால் கை சுடும். சீனிச்சாமி சோற்றைத் தின்றுவிட்டு ஏப்பத்தோடு வந்து மீட்டரைப் பார்த்தார். கத்தினார். மற்ற மூவரும் ஓடி வந்தார்கள்.

முள் நூற்று நாற்பதில் நின்றது.

நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். நான்கு பேரையும் நான்கு மாடுகள் என்று நினைத்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன்.

"பயந்து திருப்பிப் போட்டுட்டான்" என்றார் மொக்கையன்.

"என்னைக் கட்டிப் போட்டிருக்கீங்களேய்யா! சிலிண்டர் மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. நான் எப்படிப் போட்டேன்?"

"அதான் திறமை" என்றார் சீனிச்சாமி, கொஞ்சம் மரியாதையோடு.

தலைவர் நெடுநேரம் யோசித்து, குறட்டை விட்டு, எழுந்து சொன்னார்: "பகல்ல நல்லவன். ராத்திரி திருடன். நாளைக் காலையில மறுபடி பார்ப்போம்."

வியாழக்கிழமை காலை மறுபடி பார்த்தார்கள். நூற்று இருபத்தைந்து.

நல்லவேளை, அந்த நேரத்துக்கு டெப்போவிலிருந்து பலூன் மூட்டையை மொபெட்டில் வைத்துக்கொண்டு கமலவேணி என்ற அம்மாள் வந்தார். டெப்போவின் மேலாளர். மரத்தில் கட்டியிருந்த என்னைப் பார்த்துவிட்டு, "இவரும் விக்கிறதுக்கா?" என்று கேட்டார்.

நடந்ததைத் தவமணி சொன்னார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஐயா, காத்து எங்கயும் போகல. உள்ள இருக்கறது அப்படியே இருக்கு. வெயில்ல சூடாகி நாலு பக்கமும் வேகமா முட்டுது, முள்ளு ஏறுது. பனியில சோம்பிக் கிடக்குது, முள்ளு இறங்குது. சைக்கிள் டியூப்ல காலையில தொளதொளன்னு இருக்கற காத்து மத்தியானம் கிண்ணுன்னு நிக்கும்ல? அது மாதிரிதான்."

எனக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் வகுப்புக்காரனுக்கும் சைக்கிள் உண்டு. கமிட்டி புல்லட் வண்டிக் கமிட்டி. அவர்கள் காற்றை அடிக்க ஆள் வைத்திருப்பவர்கள்.

"முள்ளை மட்டும் பார்த்தா எவ்வளவு செலவாச்சுன்னு சொல்ல முடியாது. சூட்டையும் பார்க்கணும்" என்று ரசீதின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். "முள்ளு காட்டறதோட ஒண்ணு கூட்டுங்க. வெளியில நம்மைச் சுத்தி இருக்கற காத்தோட அளவு அது. முள்ளு அதைக் காட்டாது. சூட்டோட இருநூத்தி எழுபத்து மூணு கூட்டுங்க. முதல்ல வந்ததை ரெண்டாவதால வகுங்க. முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை. முன்னதுல இருந்து பின்னதைக் கழிச்சா செலவான காத்துக்குக் கணக்கு கிடைக்கும். சிலிண்டர் ஒண்ணேதானே, அதோட அளவு மாறாது."

தன் தெர்மாமீட்டரைச் சிலிண்டரோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். பதினைந்து. செவ்வாய்க்கிழமை ரசீதில் ஐம்பது. இரண்டுக்கும் கணக்குப் போட்டார். இரண்டும் புள்ளி நாலு நாலு என்று வந்தது.

"ஒரு பொட்டு குறையல. அந்தப் பெரியவரை அவிழ்த்து விடுங்க" என்று சொல்லிவிட்டு, தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு மொபெட்டில் கிளம்பிவிட்டார். அவருக்கு வேலை இருந்தது. கமிட்டிக்குத்தான் இல்லை.

என்னை அவிழ்த்தார்கள். ஆனால் விட்டுவிடவில்லை.

"வெளியூர்க்காரம்மா போட்ட கணக்கு. நம்ம கையால ஒரு தடவை போட்டுப் பார்க்காம எப்படி நம்புறது?" என்றார் மொக்கையன். மச்சான் இரண்டு கட்டுக் கயிறோடு மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

சூடு பார்க்கத் தெர்மாமீட்டர் வேண்டும். மாட்டாஸ்பத்திரியில் ஒன்று இருந்தது. கம்பவுண்டர் அதைக் கொடுக்கும்போது, "பின்பக்கமா வைக்கணும்" என்று சொல்லி அனுப்பினார். மாட்டுக்குச் சொன்னார் பாவம்.

"சிலிண்டருக்குப் பின்பக்கம் எது?" என்று கேட்டார் தவமணி.

"காத்து வர்ற பக்கம் வாய். வாய்க்கு எதிர்ப்பக்கம் பின்பக்கம்" என்றார் சீனிச்சாமி.

"எதிர்ப்பக்கம் தரையில இருக்கே. சாய்ப்போமா?"

"சாய்க்கக் கூடாது. 'நிமிர்த்தியே வைக்கவும்'னு ஒட்டியிருக்கு."

அச்சடித்த காகிதம். எனவே மூன்று பேர் சிலிண்டரை நிமிர்ந்த வாக்கில் தூக்கிப் பிடிக்க, தலைவர் மல்லாந்து படுத்து அடியில் தெர்மாமீட்டரை வைத்தார். ஒரு நிமிஷம். மூன்று பேரின் கால்களும் நடுங்கின. அந்த ஒரு நிமிஷத்தில் நான் வேண்டிக்கொண்டதை வெளியில் சொல்ல முடியாது.

தெர்மாமீட்டர் நாற்பது காட்டியது. அது கடைசியாக எந்த மாட்டுக்கு வைத்தார்களோ அந்த மாட்டின் சூடு. உதறாமல் வைத்தால் பழையதையே காட்டும். இதை ஒவ்வொரு மாட்டுக்காரனும் அறிவான். கமிட்டியில் மாடு வைத்திருப்பவர் யாருமில்லை.

"நாற்பதா? மாட்டுக்கே இது காய்ச்சலாச்சே" என்றார் தலைவர் கவலையாக.

"காய்ச்சலை விடுங்கண்ணே. அடுத்தது என்ன?"

தவமணி ரசீதைப் படித்தார். "சூட்டோட இருநூத்தி எழுபத்து மூணு கூட்டணும்."

சூட்டைக் கூட்டுவது என்றால் எப்படி? எதனால்?

"எருவாட்டியாலதான்" என்றார் மொக்கையன். "எங்க வீட்டுல தண்ணிக்குச் சூடு கூட்ட எருவாட்டிதான் வைப்போம்."

இருநூற்று எழுபத்து மூன்று எருவாட்டி, காய்ந்த சாணி வரட்டி. சீனிச்சாமி இரண்டு தரம் எண்ணினார். ஒன்று கூடிவிடக் கூடாது, கணக்குத் தப்பிவிடும். அடுக்கி முடித்ததும் தவமணி கையை உயர்த்தினார்.

"நில்லுங்க! 'சிலிண்டர் அருகே தீயைக் கொண்டு வராதீர்'னு போட்டிருக்கு."

அப்பாடா என்று உட்கார்ந்தேன். அச்சடித்த காகிதத்தின் மேல் எனக்கே மரியாதை வந்தது.

தலைவர் கண்ணைத் திறந்தார். "தீயைத்தானே சிலிண்டர்கிட்ட கொண்டு வரக் கூடாது? தீயை அங்க குளத்தங்கரையில மூட்டுங்க. சிலிண்டரைத் தீகிட்ட கொண்டு போவோம்."

மூட்டினார்கள். சங்கிலியை அவிழ்த்துத் தூக்கினார்கள். அந்த இரும்பு வெடித்தால் அவர்கள் நாலு பேரோடு நிற்காது. அதில் எனக்கு ஆட்சேபம் இருந்திருக்காது. ஆனால் சந்தைக்கு முன்கூட்டியே வந்து கட்டியிருந்த முப்பது ஜோடி மாடு குளத்தங்கரையில் நின்றது. மாடுகள் கமிட்டியில் இல்லை. நான் குளத்துத் தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு நெருப்பின் மேல் ஊற்றினேன். கடைசிக் குடத்தைத் தலைவர் மேலும் ஊற்றினேன். அவரிடம் நெருப்பு இல்லை, இருந்தாலும் ஊற்றினேன்.

"பார்த்தீங்களா! கணக்குப் போட விடமாட்டேங்கிறான். குற்றம் செஞ்ச மனசு" என்றார் மொக்கையன்.

சிலிண்டர் மறுபடி புளியமரத்துக்கு வந்தது. மத்தியானம் ஆகிவிட்டது. முள் வழக்கம்போல நூற்று நாற்பதுக்குத் திரும்பிவிட்டது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அது பகல் நேரத்து நல்ல குணம்.

சீனிச்சாமி ரசீதின் கடைசி வரியில் விரலை வைத்தார். "முன்னதுல இருந்து பின்னதைக் கழிச்சாத்தான் செலவான காத்து. நம்ம இன்னும் செலவே பண்ணலையே! செலவு பண்ணாம எப்படிச் செலவுக் கணக்குப் பார்க்கிறது?"

மற்ற மூவருக்கும் இது பளிச்சென்று பட்டது. தவமணி ஸ்பானரை எடுத்தார்.

"ஐயா, ஐயா! திறக்கறதுதான் திறக்கறீங்க, அந்தப் பலூன் வாயிலயாவது வச்சுத் திறங்க!" என்று கெஞ்சினேன். திருடன் பட்டம் கட்டின ஊருக்காக ஒரு மனிதன் எவ்வளவு கெஞ்சலாமோ அவ்வளவு.

தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாயா, இப்ப ராகு காலம். பலூனுக்கு நல்ல நேரம் நாளைக்கு ஒன்பதரை. ராகு காலத்துல யாராவது பலூனுக்குக் காத்தடிப்பாங்களா? இது வெறும் கணக்கு."

திறந்தார்கள். புஸ்ஸென்ற சத்தம் எருக்கம்பட்டி வரை கேட்டிருக்கும். நாலு பேரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முள் இறங்குவதைப் பார்த்தார்கள். நூறு. அறுபது. இருபது. "கொஞ்சம் மிச்சம் வைங்கய்யா" என்றேன். "பாதியில நிறுத்தினா கழித்தல்ல கடன் வாங்கணும்" என்றார் சீனிச்சாமி. "பூஜ்யம்னா சுலபம்."

பூஜ்யம் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒன்பதரைக்கு நல்ல நேரம் வந்தது, காற்றுதான் வரவில்லை. பலூனைப் பந்தலாகப் போட்டால் நிழலுக்காவது ஆகும் என்று புளியமரத்தில் விரித்துக் கட்டினார்கள். 'கூழாங்குளம்' என்ற எழுத்து மடிப்புக்குள் போய் 'குளம்' மட்டும் தெரிந்தது. தண்ணீர் குடிக்க நாலு மாடு வந்தது. வியாபாரிகள் வழக்கம்போல எருக்கம்பட்டிக்குப் போய்விட்டார்கள்.

நான் தமுக்குக்காகக் காத்திருந்தேன். தமுக்கு அடித்தார்கள். மச்சான் புதுச் சாக்கை மடித்துக் கையில் வைத்திருந்தான். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! இன்னிக்கு விடியக்காலம் முள்ளைப் பார்த்தோம். பூஜ்யம். நேத்து சாயங்காலமும் பூஜ்யம். ஒரு ராத்திரி முழுக்க ஒரு கோடு இறங்கல! நம்ம காசிமாயன் திருட்டை விட்டுட்டார்!"

கைதட்டினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இத்தனை வருஷத்தில் நான் திருடாமல் இருந்ததற்கு யாரும் ஒரு துண்டுகூடப் போர்த்தியதில்லை.

"அப்ப எடம்?" என்று மொக்கையன் மெதுவாகக் கேட்டார்.

அதற்குச் சீனிச்சாமி எழுந்தார். "முள்ளு பூஜ்யம்னாலும் அந்தம்மா ஒண்ணு கூட்டச் சொன்னாங்க. அப்ப உள்ள இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அதுக்குக் காவல் வேணும். திருந்தின திருடனைவிட நல்ல காவல் யாரு?"

இப்படியாகப் புளியமரத்தடி என்னிடமே நின்றது. சிலிண்டரையும் அங்கேயே சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதில் நான் கயிறு தொங்கவிடுகிறேன். ஒவ்வொரு மாசமும் கமிட்டி வந்து மீட்டரைப் பார்த்து, ஒரு கோடும் குறையவில்லை என்று எழுதிக்கொண்டு போகிறது.

அடுத்த வருஷச் சந்தையன்று காலையில் தலைவர் பவுன்ராசு தனியாக வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"மாயா, பழசை மறந்துருவோம். அன்னிக்குக் காலையில எடுத்தியே பதினைஞ்சு, அதை மட்டும் திருப்பிப் போட்டுரு. பலூனைக் கொஞ்ச உயரமாவது விட்டுக்குவோம்."

நான் பொன்னாடையை ஒழுங்கு பண்ணிக்கொண்டேன்.

"போடறேண்ணே. ஆனா எனக்கு மத்தியானத்துலதான் வழக்கம். உச்சி வெயிலா இருக்கணும். நாலு பேரும் தலையில துண்டில்லாம, பலூன் வாயை வால்வுல வச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். பேசக் கூடாது."

நின்றார்கள். முள் அசையவில்லை. மூன்று மணிக்கு மேல் தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிக்கு வெயில் பத்தலண்ணே" என்றேன்.

பத்து சந்தை ஆகிவிட்டது. சந்தைக்குச் சந்தை நிற்கிறார்கள். வியாபாரிகள் இப்போது எருக்கம்பட்டிக்குப் போவதில்லை. கொளுத்துகிற வெயிலில் நாலு பெரிய மனிதர்கள் காலிச் சிலிண்டருக்குப் பலூனைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க இங்கேதான் வருகிறார்கள். என் கயிறும் நன்றாக விற்கிறது. போன தையில் சீனிச்சாமி மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். கண்ணைத் திறந்ததும் முதலில் என்னைத்தான் கேட்டார்:

"அண்ணே, கழிக்கிறதுல ஏதும் தப்பாயிருச்சா?"